ஸுய்காக்கு நம் கடலுக்கும் வந்த கப்பல்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் லெய்ட்டே வளைகுடாச் சமர் பற்றிய கட்டுரையை வாசித்தேன். 1944 ஒக்டோபரில் பிலிப்பைன்ஸ் கடலில் ஜப்பானியக் கடற்படைக்கு இடுப்பொடிந்த கதை. முசாஷி என்ற ஜப்பானியப் போர்க்கப்பல் மூழ்கியதை விலாவாரியாக எழுதியவர், ஸுய்காக்கு என்ற விமானந்தாங்கியை ஒரே வரியில் தாண்டிவிட்டார். மட்டக்களப்பில் விற்கும் பத்திரிகைக்கு இது பெருங்குறை.

1942 ஏப்ரல் 9 காலை திருகோணமலையில் குண்டு போட்ட ஐந்து விமானந்தாங்கிகளில் அதுவும் ஒன்று. அன்று முற்பகலே அந்த அணியின் விமானங்கள் மட்டக்களப்புக்கு நேரே பிரித்தானிய விமானந்தாங்கி ஹேர்மிஸைத் தேடிப் பிடித்து மூழ்கடித்தன. 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் தாழ்ந்தது. தப்பியவர்களில் பெரும்பாலோரை ஏற்றியது வீற்றா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல். விமானந்தாங்கி என்று பெயர்தான். அன்று ஹேர்மிஸில் ஒரு விமானமும் இருக்கவில்லை.

லெய்ட்டேயில் ஸுய்காக்குவுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். சொற்ப விமானங்களோடு, அமெரிக்கத் தளபதி ஹல்சியை வடக்கே இழுக்கும் இரையாக அதை அனுப்பினார்கள். ஹல்சி போனார், ஒக்டோபர் 25இல் ஸுய்காக்கு மூழ்கியது. லெய்ட்டேக்கு வழி திறந்தும், சாமார் தீவருகே வந்த ஜப்பானியத் தளபதி குரிட்டா திரும்பிப் போய்விட்டார். இரையை மீன் கவ்விய பிறகு தூண்டிலை விட்டெறிந்த மாதிரி!

நான் கல்லடியில் படகு வைத்திருப்பவன். வாடைக் காற்று ஓய்ந்ததும் சுழியோடிகளை ஹேர்மிஸுக்குக் கொண்டுபோவேன். 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. தேர்ந்தவர்கள் மட்டுமே இறங்கலாம். போன பருவத்தில் ஒருவர் பச்சைக் களிம்பேறிய பித்தளைத் துண்டொன்றைப் பையிலிருந்து எடுத்து அணியத்தில் வைத்தார். உள்ளங்கையளவுதான். மறுமுறை இறங்கும்போது எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். முகத்தைச் சுளித்தார், ஆனாலும் கொண்டுபோனார். அது ஆட்கள் செத்த இடம் அல்லவா?

கரையில் நிற்கும் பிள்ளைகள் என்ன கப்பல் என்று கேட்டால், பெரியவர்களே "எம்டன்" என்கிறார்கள். எம்டன் முதலாம் உலகப் போர்க் கப்பல், அதுவும் ஜேர்மன்காரனுடையது!

வருகிற ஏப்ரல் 9க்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்குங்கள். பாலமீன்மடு வெளிச்சவீட்டருகே மும்மொழிப் பலகையொன்று வைக்கும்படி பொறுப்பானவர்களையும் கேட்டு எழுதுங்கள். அதே நாளில் மூழ்கிய ஹொலிஹொக் என்ற சிறு பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயரும், கப்பலில் எதையும் எடுக்கக்கூடாது என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். தமிழ் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

படகுக்காரன்,
கல்லடி, மட்டக்களப்பு.