கண்மாய்ப் படங்களைத் தேடி எடு, மாப்ள

மதுரை
வைகாசி, ஞாயிறு இரவு

மாப்ள,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் மகன் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியதைச் சொன்னதும் கேசரி கிண்டி, உன் பங்கையும் எனக்கே போட்டார். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று எடுத்த படங்களைத் தனியாக அனுப்புகிறேன். தோப்பறை என்கிற தோல் பையிலிருந்து பீச்சிய தண்ணீரில் கேமரா குளித்தது பெரிய கதை. நேரில் சொல்கிறேன்.

இன்று காலை நடந்ததை ஆறுவதற்குள் உனக்குச் சொல்ல வேண்டும். மேலூர்ப் பக்கம் நம்ம கண்மாயில் மீன்பிடித் திருவிழா. ஆமாம், நாம் முன்பு படம் எடுத்த அதே கண்மாய்தான். இடையில் மீன்பாசியை, அதாவது மீன் பிடிக்கிற உரிமையை, குத்தகைக்கு விட்டிருந்ததால் திருவிழா நின்றிருந்தது. இந்த வருடம் ஊர்க்கூட்டத்தில் காசு வேண்டாம், சனம் இறங்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இருட்டோடு போனேன். அதற்கு முன்னாலேயே கரை நிறைந்திருந்தது. சிவகங்கைப் பக்கமிருந்தெல்லாம் சின்ன லாரிகளில் வந்து இறங்குகிறார்கள். டிவிஎஸ் வண்டியின் பின்னால் மீனை அமுக்கிப் பிடிக்கிற ஊத்தாக் கூடையைக் கட்டிக்கொண்டு தாத்தாவும் பேரனும் வருகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் கரையில் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுகிற வரைக்கும் ஒரு கால்கூடத் தண்ணீரில் படவில்லை. அத்தனை ஆயிரம் பேரை அங்கே கயிறு கட்டியா நிறுத்தியிருக்கிறார்கள்? ஒரு துண்டுக்கு நிற்கிறார்கள், மாப்ள. துண்டு விழுந்ததும் கரையே சரிந்து உள்ளே போனது.

நான் கரையில் நிற்கவில்லை. முழங்கால் சேற்றில், மடைக்குப் பக்கத்தில், முப்பத்தைந்து எம்எம் லென்ஸோடு நின்றேன். கிழக்கே சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. எதிர்வெளிச்சத்தில் ஓடி வருகிறவர்களின் காலடியில் தெறிக்கிற தண்ணீர் மட்டும் தனியாக எரிந்தது. ஷட்டர் வேகத்தை ஆயிரத்துக்குக் கீழே இறக்கவே இல்லை. உனக்குப் பிடித்த நீள லென்ஸை இங்கே தூக்கி வந்திருந்தால் முகம் கிடைத்திருக்கும், கூட்டத்தின் மூச்சு கிடைத்திருக்காது. இதை நாம் மாட்டுத்தாவணி டீக்கடையில் எத்தனை இரவு சண்டை போட்டிருக்கிறோம்! இப்போதும் என் கட்சிதான் சரி.

ஒரு அம்மாச்சி. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஊத்தாவை அமுக்குகிறார், எடுக்கிறார், ஓரடி நகர்ந்து மறுபடி அமுக்குகிறார். உள்ளே ஏதோ முட்டியதும் மேல்வாய் வழியாகக் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு துழாவுகிறார். முழங்கை நீளத்துக்கு ஒரு விரால்! மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன் அது. சேற்றுக்குள்ளும் தாக்குப் பிடிக்கும். அதனால்தான் எல்லோரும் கலக்கி முடித்த இடத்தில் அவருக்கு அகப்பட்டது. கெளுத்தி, கட்லா, ஜிலேபி என்று ஆளுக்கு ஆள் வேறு வேறு. ஒருத்தரும் விற்கவில்லை. ஒன்றுமே கிடைக்காமல் நின்ற ஒரு பையனின் பையில் யாரோ இரண்டு கெண்டையைப் போட்டுவிட்டுப் போனார்கள். இன்று ராத்திரி அந்தப் பக்கத்து ஊர்களில் மீன் குழம்பைத் தவிர வேறு வாசமே இருந்திருக்காது.

எரிச்சலும் இருந்தது. தலைக்கு மேலே இரண்டு ட்ரோன்கள் இரைந்துகொண்டே இருந்தன. சாமி கும்பிடுகிற நேரத்திலாவது இறக்கிவைக்கக் கூடாதா?

சரி, சொல்ல வந்தது இனிமேல்தான். முன்பு அங்கே எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டு ஒரு கட்டு கொண்டுபோயிருந்தேன். மீன் பிடித்து முடித்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர்களிடம் கொடுத்தேன். முகங்களைத் தேடிச் சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் சிரித்தார்கள். அப்புறம் ஒரு பெரியவர் படத்தை வெளிச்சத்தில் சாய்த்து, ஆளையெல்லாம் விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதைப் பார்க்க ஆரம்பித்தார். "இந்தா பாரு, கீழ மடை. கல்லுத் தூணு ரெண்டும் தெரியுது. இப்ப சேறு மூடிப்போச்சு" என்றார். உடனே பத்துத் தலை குனிந்தது. தண்ணீர் எந்தப் புளியமரம் வரைக்கும் நின்றது, கரை எவ்வளவு அகலம், கருவேலம் எப்போது ஏறியது என்று என் படத்தை வைத்துக்கொண்டு அவர்களுக்குள் வாதம். நான் திருவிழா எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவர்களுக்கு அதில் கண்மாய் தெரிந்தது.

விஷயம் இதுதான். பெரியாறு கால்வாயிலிருந்து பிரிந்து வருகிற வரத்துக்கால்வாய் இருக்கிறதல்லவா, அதன் ஓரத்தில் மனை பிரித்துக் கல் ஊன்றியிருக்கிறார்கள். கால்வாய் ஒடுங்கி, சில இடத்தில் ஒரே தாவாகத் தாண்டிவிடலாம் போல ஆகிவிட்டது. 1895-இல் மலைக்கு அந்தப் பக்கம் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்து, சுரங்கம் வழியாகத் தண்ணீரைத் திருப்பி, வைகை வழியாக மேலூர் வரைக்கும் கொண்டுவந்தார்கள். அவ்வளவு தூரம் வந்த தண்ணீர் கடைசி ஒரு மைலில் நின்றுபோனால் அந்த ஊருக்கு ஒருபோகமும் இல்லை, மீனும் இல்லை. இனி ஒரு வெள்ளைத் துண்டு அங்கே விழுமா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறார்கள். பொதுப்பணித் துறைக் கண்மாய்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. எல்லையை நிரூபிக்க நில அளவைப் புலப்படமும் அ-பதிவேடு என்கிற நிலக் கணக்கும்தான் செல்லும், நாம் எடுத்த போட்டோ செல்லாது. ஆனால் இங்கே எப்போதுமே தண்ணீர் ஓடியதில்லை என்று எதிர்த்தரப்பு வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த வாயை அடைக்க ஒரு படம் போதும்.

அந்தப் படம் என்னிடம் இல்லை. என்னிடம் ஆட்களும் மீனும்தான். பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்ட புரட்டாசியில், வரத்துக்கால்வாய் ஓரமாகவே ஒருநாள் முழுக்க நடந்து எடுத்தவன் நீ. முதல் தண்ணீருக்குப் பூத் தூவியதையும், மண்வெட்டியோடு ஆட்கள் முன்னால் ஓடியதையும் அந்த டி90 கேமராவில் எடுத்தாய். "என்னடா இது, வாய்க்காலையே எடுத்துக்கிட்டு இருக்கே" என்று அன்றைக்கு எல்லோரும் உன்னை ஓட்டினோம். இப்போது ஒரு ஊரே அந்த வாய்க்கால் படத்துக்காகக் காத்திருக்கிறது.

மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியை நினைத்துப் பார். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தார்கள். ஏறத்தாழ 250 பறவை இனங்கள், லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு என்றெல்லாம் அறிவிப்பில் எழுத முடிந்தது எப்படி? யாரோ வெயிலில் போய்ப் பார்த்துக் குறித்துவைத்ததால்தானே? அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் வந்தபோது மேலூர்ப் பக்கத்து ஊர்கள் திரண்டு மதுரைக்குள் நடந்து வந்தன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது சனத்தின் பலத்தால்தான். ஆனால் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டவர்களிடம் காட்டக் கையில் எழுத்தும் படமும் இருந்தன. நம்ம கண்மாய்க்கு அப்படி ஒன்றும் இல்லை. உன் ஹார்டு டிஸ்க் இருக்கிறது.

அதனால் தயவுசெய்து தேடு. கறுப்பு டிஸ்க், விரிசல் விட்டது, பச்சை ரப்பர் பேண்டு போட்டது. வீடு மாறும்போது உன் மாமியார் வீட்டுப் பரணில் வைத்ததாகச் சொன்னாய். கால்வாயின் இரண்டு கரையும் ஒரே படத்தில் விழுந்தவை, பாலம் தெரிகிறவை, புளியமரம் தெரிகிறவை முதலில் வேண்டும். வெட்டாதே, நிறம் ஏற்றாதே. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, எடுத்த தேதியையும் கழற்றிவிடும். டாக்குமென்டாக அனுப்பு, இல்லையென்றால் டிரைவில் ஏற்றி லிங்க் கொடு. கேமராவில் பதிந்த அசல் ரா ஃபைல் இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் கேமராவில் தேதி சரியாக வைத்திருந்தாயா என்றும் யோசித்துச் சொல். தப்பாக இருந்தால் அதே நாளில் எடுத்த வேறு எதையாவது, உன் அக்கா வீட்டு விசேஷம் போல, வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மனு அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் பிரிண்ட் போட்டு நானே ஊரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். டிஸ்க் ஓடவில்லை என்றால் நீயே எதையும் நோண்டாமல் கூரியரில் அனுப்பு. டவுன்ஹால் ரோட்டில் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான், எடுத்துத் தருவான். பரணில் இல்லையென்றாலும் உடனே போன் போடு, அன்றைக்கு உன்னோடு நடந்தது வேறு யார் என்று பார்ப்போம்.

உன்
மாப்ள