காலுறையில் கத்தியோடு கோயிலுக்கு

பெர்த், ஸ்காட்லாந்து,
ஞாயிறு மாலை

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நேற்று நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் "யோசிக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததுமே இது போனில் முடிகிற பேச்சு இல்லை என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயம் இதுதானே? கல்யாணத்துக்கு நீ கில்ட், அதாவது இந்த ஊர் ஆண்கள் கட்டுகிற கட்டம்போட்ட பாவாடை, உடுத்தப் போகிறாய். உன் வருங்கால மாமனார், அவருடைய அப்பா வைத்திருந்த ஸ்கீன் டூவை, கில்ட்டோடு காலுறையில் செருகுகிற அந்தச் சின்னக் கத்தியை, உனக்குத் தருகிறேன் என்கிறார். சின்னதோ பெரிதோ, கத்தி கத்திதான்; அதைக் காலுறையில் செருகிக்கொண்டு ஆண்டவர் சந்நிதியில் நின்று உடன்படிக்கை சொல்லலாமா என்று கேட்கிறாய். இதற்குள் பாளையங்கோட்டைப் பெரியத்தைக்கு எப்படியோ செய்தி போய்விட்டது. "மாப்பிள்ளை கையில் வேதப்புத்தகம், காலில் கத்தியா?" என்று வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருக்கிறார்கள். மூன்று நிமிடம் ஓடுகிறது அது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டுக்கொள். ஆனால் கல்யாணத்தை நடத்தி வைக்கிற போதகரம்மாவிடம் கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்.

முதலில் போலீஸ் பயம். ஸ்காட்லாந்தில் பொது இடத்தில் கூரான எதையும் தக்க காரணம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். 1995-ஆம் வருடக் குற்றவியல் சட்டத்தில் 49-ஆம் பிரிவு. மூன்று அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்திக்கு விலக்கு உண்டு, ஆனால் ஸ்கீன் டூ மடங்குகிற ஜாதி இல்லை. உனக்கு உதவுவது வேறொரு வரி. வேலைக்காக வைத்திருந்தாலும், சமயக் காரணத்துக்காக வைத்திருந்தாலும், தேசிய உடையின் பாகமாக வைத்திருந்தாலும் அது தக்க காரணம்தான் என்று அதே பிரிவு சொல்கிறது. சீக்கியர்களின் குறுவாளான கிர்பான் இரண்டாவதில் வருகிறது, உன் கத்தி மூன்றாவதில் வருகிறது. நீ இருக்கிற லண்டனிலும் 1988-ஆம் வருடச் சட்டம் இதையேதான் சொல்கிறது.

இதில் ஒன்றை நன்றாகக் கவனி. அந்தச் சலுகை உடையோடு ஒட்டியது. ராத்திரி விருந்து முடிந்து கில்ட்டைக் கழற்றி ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு, கத்தியை மட்டும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு சிப்ஸ் வாங்கக் கிளம்பினாயானால், அப்போது அது வெறும் கத்தி. கேட்கிற போலீஸ்காரருக்கு "காலையில் எனக்குக் கல்யாணம் நடந்தது" என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை. மறுநாள் ரயிலில் லண்டனுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போகாதே. மாமனார் வீட்டிலேயே இருக்கட்டும். சென்னை வரவேற்புக்கு அதைக் கொண்டுவருகிற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடு. கைப்பையில் இருந்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

சட்டம் இவ்வளவுதான். சபைக்கு வருவோம்.

அப்பா கத்தியே வேண்டாம் என்கிற கட்சி. ரிட்டயர் ஆனதிலிருந்து அவர் இந்த நாட்டுச் சரித்திரத்தில்தான் குடியிருக்கிறார், உனக்குத் தெரியும். "கோயிலுக்குள் கத்தி போன கதை இந்த ஊரில் ஒன்று போதாதா" என்று நேற்று ராத்திரி டம்ஃப்ரீஸ் கதையை ஆரம்பித்தார். சாப்பாடு ஆறிப்போனது. உனக்கும் சொல்கிறேன், ஏனென்றால் கல்யாணத்தன்று எப்படியும் உன்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லத்தான் போகிறார்.

1306, பிப்ரவரி 10. ராபர்ட் புரூஸ் ஒரு பக்கம், ஜான் காமின் ஒரு பக்கம். இரண்டு பேருக்கும் ஸ்காட்லாந்து சிம்மாசனத்தின் மேல் கண். டம்ஃப்ரீஸில் கிரேஃப்ரயர்ஸ் துறவிகளின் கோயிலில் சந்தித்துப் பேசுகிறார்கள். கோயில் என்றால் யாரும் கை ஓங்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். பேச்சு முற்றியது. பலிபீடத்துக்கு முன்னாலேயே புரூஸ் காமினைக் குத்திவிட்டார். வெளியே ஓடிவந்து, கொன்றேனோ என்னவோ தெரியவில்லை என்று அவர் சொல்ல, கூட வந்த கிர்க்பாட்ரிக் "நான் உறுதி பண்ணிவிட்டு வருகிறேன்" என்று உள்ளே போய் முடித்துவிட்டு வந்ததாகக் கதை. அந்த வம்சத்தின் சின்னத்தில் இரத்தம் சொட்டுகிற கத்தியும் அதைப் பிடித்த கையும் இருக்கின்றன. அந்த வாசகமும் கூடவே இருக்கிறது. இதையெல்லாம் ஒரு குடும்பம் பெருமையாகச் சுமந்துகொண்டு திரிகிறது, பார்!

ஆறு வாரத்தில், நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஸ்கோனில், புரூஸுக்கு முடிசூட்டு. போப்பாண்டவர் ஐந்தாம் கிளெமெண்ட் அவரைச் சபைக்குப் புறம்பாக்கினார். அந்தக் கறை லேசில் போகவில்லை. 1329-ல் சாகும்போது, என் இதயத்தை எடுத்துப் புனித நாட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று கேட்டுக்கொண்டார் புரூஸ். எடுத்துப் போன ஜேம்ஸ் டக்ளஸ் மறு வருடமே ஸ்பெயினில் சண்டையில் செத்தார். இதயம் பாதி வழியில் திரும்பி வந்து மெல்ரோஸ் மடத்தில் அடக்கமாயிற்று. அங்கே நாம் போயிருக்கிறோம். மழை என்று நீ காரை விட்டே இறங்கவில்லை.

அப்பா இதைச் சொல்லி முடித்துவிட்டு, "இப்போது சொல்" என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், காமினைக் கொன்றது புரூஸின் கோபம். கத்தி கையில் இல்லாவிட்டால் குத்துவிளக்கு மாதிரி ஏதாவது அகப்பட்டதை எடுத்து அடித்திருப்பார். எடின்பரோ செயிண்ட் ஜைல்ஸ் கோயிலில் 1637-ல் புது ஜெபப் புத்தகம் பிடிக்காமல், ஜெனி கெடிஸ் என்ற காய்கறிக்காரி தான் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தூக்கிக் குருவின் தலைக்குக் குறி பார்த்து எறிந்தாள் என்று சொல்வார்கள். அதற்காக இந்த நாட்டுக் கோயில்களில் யாரும் உட்காராமல் இருக்கிறார்களா? அப்பா சிரித்துவிட்டார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சின்னக் கத்தி ஏன் காலுறைக்கு வந்தது என்று மாமனார் உன்னிடம் சொல்லியிருப்பார். ஸ்காட்லாந்தின் வடக்கே மலைநாட்டில் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் வாளையும் பெரிய கத்தியையும் வாசலிலேயே வைத்துவிட வேண்டும். அக்குளுக்குள் மறைத்து வைத்திருந்த சின்னக் கத்தியை மட்டும் வெளியே எடுத்து, வீட்டுக்காரர் கண்ணில் படுகிற மாதிரி காலுறையில் செருகிக்கொள்வார்களாம். என்னிடம் இருப்பது இவ்வளவுதான், ஒளிவு இல்லை என்று காட்டுவதற்கு. வழிவழியாக வருகிற பேச்சு இது, எழுதி வைத்த சாட்சி கேட்டால் கஷ்டம். படத்தில் பார்க்க வேண்டுமானால் ஹென்றி ரேபர்ன் என்ற ஓவியர் 1812 வாக்கில் வரைந்த, கிளென்காரி என்ற மலைநாட்டுக் குலத் தலைவரின் ஓவியம் எடின்பரோ தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. ஆள் முழு அலங்காரத்தில் நிற்கிறார், காலுறைக்கு மேலே கத்தியின் பிடி தெரிகிறது. நீ எப்படிப் போட வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல மாதிரி கிடையாது.

எனக்கு இதில் பிடித்தது அந்த ஒளிவின்மைதான். கோயிலுக்கு நாம் கொண்டுபோகிற மற்ற எத்தனையோ கத்திகளை யாரும் வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு வருவதில்லை. (பெரியத்தையைச் சொல்லவில்லை. நீயாக நினைத்துக்கொண்டால் நான் பொறுப்பு இல்லை.)

அத்தைக்கு நீ வேத வசனத்தோடு பதில் சொல்ல ஆசைப்பட்டால் யோவான் 18-ஐ எடுத்துக்கொள். கெத்செமனே தோட்டத்தில் பேதுரு பட்டயத்தை உருவி மல்குஸின் காதை வெட்டினபோது, அதை உறையிலே போடு என்றுதான் ஆண்டவர் சொன்னார். தூக்கி எறி என்று சொல்லவில்லை. அத்தை உடனே மத்தேயு 26-க்குப் போவார்கள், பட்டயம் எடுக்கிறவன் பட்டயத்தால் மடிவான் என்று. அங்கேயும் முதலில் உறையில் போடத்தான் சொல்கிறார். இதற்கு மேல் வாதாட வேண்டாம், அவர்கள் வேதபாட வகுப்பில் முப்பது வருடம் டீச்சராக இருந்தவர்கள்.

ஒன்று மட்டும் அவர்களுக்கு விளங்கும்படி சொல்லலாம். நம் ஊர்க் கோயில்களில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். இங்கே பூட்ஸோடு போய் உட்காருகிறார்கள். வந்த புதிதில் எனக்குக் கால் கூசியது. பிறகு பக்கத்து இருக்கைப் பாட்டி எப்படி ஜெபிக்கிறார்கள் என்று பார்த்தேன். அதன் பிறகு பூட்ஸ் கண்ணில் படவே இல்லை.

இந்த நாட்டுச் சபை ஆயுதத்தோடு ஆராதித்த காலமும் உண்டு. அரசன் வைத்த சபை முறையை ஏற்காத உடன்படிக்கைக்காரர்கள் 1660-க்குப் பிறகு மலையிலும் வெளியிலும் கூடி ஜெபித்தார்கள். சுற்றிலும் வாளோடு காவல். 1679 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிரம்க்ளாக்கில் பிரசங்கம் நடுவில் நின்று சண்டை ஆரம்பித்தது. இதைச் சொல்லி உன் கத்திக்கு நியாயம் தேட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பயத்தில் கொண்டுபோனது, நீ கொண்டுபோவது அலங்காரத்துக்கு. ஆனாலும் அந்த ஊர்ப் பெரியவர்கள் உன் காலைப் பார்த்துத் திடுக்கிட மாட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் போட்டுக்கொள் என்று சொல்வதற்கு நிஜக் காரணம் உன் மாமனார். மலைநாட்டுக் கலகக்காரர்கள் அரசுப் படையிடம் தோற்ற கல்லோடன் சண்டைக்குப் பிறகு 1746-ல் ஒரு சட்டம் போட்டு மலைநாட்டு உடையையே தடுத்தார்கள். படைவீரர்களைத் தவிர எந்த ஆணும், சிறுவனும்கூட, உடுத்தக் கூடாது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை, இரண்டாம் தடவை ஏழு வருடம் கடல் கடந்த நாடு. 1782 வரைக்கும் அந்தத் தடை இருந்தது. இன்று போடுகிற கில்ட், கோட்டு, கத்தி எல்லாமே பெரும்பாலும் அதற்குப் பிறகு, 1822-ல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது நடந்த கோலாகலத்தில் ஜோடித்த வேஷம் என்று அப்பா சொல்வார். பாதி உண்மைதான். ஆனால் அந்த மனிதர் உன்னிடம் நீட்டுவது வேஷத்தை இல்லையே, அவருடைய அப்பா இடுப்பிலும் காலிலும் போட்டு நடந்ததை. ஆண்பிள்ளை இல்லாத வீடு. வெளியூர்ப் பையனான உனக்கு அதைத் தருகிறார் என்றால் என்ன சொல்கிறார் என்று உனக்கு நான் விளக்க வேண்டாம். வேண்டாம் என்று நீ சொன்னால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், இங்கத்து ஆட்கள் சொல்லவும் மாட்டார்கள். மனதுக்குள் வைத்துக்கொள்வார்.

இப்போது போதகரம்மா. ஸ்காட்லாந்து சபையில் கத்தி போடக் கூடாது என்று நான் அறிந்து விதி இல்லை, கில்ட்டோடு கல்யாணம் பண்ணுகிற பையன்கள் பெரும்பாலும் அதோடுதான் வந்து நிற்கிறார்கள். ஆனாலும் ஆண்டவர் வீட்டில் அன்றைக்கு ஆராதனை நடத்துகிறவர் போதகரம்மா. சில போதகர்களுக்கு ஒப்பாது, சிலர் கவனிக்கவே மாட்டார்கள். கல்யாண ஒத்திகையன்று போய்க் கேட்காதே, பத்துப் பேர் முன்னால் அவருக்கும் சங்கடம். இந்த வாரமே போன் போட்டுக் கேள். வேண்டாம் என்றால் மறுபேச்சு பேசாதே. ஆராதனை முடியும்வரை கத்தி என் கைப்பையில் இருக்கட்டும், வெளியே வந்து படம் எடுக்கும்போது செருகிக்கொள். மாமனாரிடமும் "போதகர் சொன்னார்" என்று சொன்னால் போதும், அவர் புரிந்துகொள்வார். வாடகைக் கடையில் அலகு இல்லாத பொம்மைப் பிடி கிடைக்கிறது, அதைச் செருகிக்கொள்ளலாமே என்று அப்பா சமாதானம் சொல்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. நிஜமோ, ஒன்றுமே இல்லையோ, இரண்டில் ஒன்று.

மற்றபடி: வலது கால், வெளிப்பக்கம். பிடியின் மேல்பகுதி மட்டும் தெரியட்டும், கைப்பிடி முழுக்க நீட்டிக்கொண்டு நின்றால் கசாப்புக்கடை மாதிரி இருக்கும். உன் நண்பர்கள் கேட்டாலும் கோயிலுக்குள் உருவிக் காட்டாதே. கேக் வெட்ட வேறு கத்தி இருக்கிறது. சாயங்காலம் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் கழற்றி என்னிடம் கொடு. 'ஸ்ட்ரிப் த வில்லோ' ஆடும்போது சுழற்றுகிற சுழற்றில் மனிதர்களே பறக்கிறார்கள், உறை பழசு, பிடிப்பு எப்படியோ. அதோடு அந்த நேரத்துக்கு எல்லோர் கையிலும் விஸ்கி இருக்கும்.

காலுறை நல்ல கம்பளியில் வாங்கு. மெல்லிசாக இருந்தால் கத்தியின் கனத்துக்குச் சரிந்து கணுக்காலுக்கு வந்துவிடும்.

அப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டவில்லை. போதகரம்மா என்ன சொன்னார் என்று அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு. அத்தைக்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை, இரண்டாவது குரல் செய்தியும் வந்துவிட்டது.

மருமகளுக்கு என் அன்பு.

அம்மா