மூன்றாவது ஊசி

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. "நாய் கடிச்ச காயம் ஆறிடுச்சும்மா, மூணாவது ரேபிஸ் ஊசிக்கு லீவு கிடைக்கல" என்று நேற்று சொன்னாயே, அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் இந்த மெயில். முழுதும் படி.

நாய் கடித்தது கணுக்காலில். பாதத்துத் தசைக்கு வருகிற நரம்பு செல்லின் உடல் கீழ் முதுகில், தண்டுவடத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து பாதம் வரை ஒரே செல்லின் இழை, ஏறத்தாழ ஒரு மீட்டர். நுனிக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை செல்லின் உடலில்தான் தயாராகின்றன. அவை தாமாக மிதந்து போய்ச் சேர ஓர் ஆயுள் போதாது. அதற்காகத்தான் இழைக்குள் தண்டவாளம் போல நுண்குழல்கள் கிடக்கின்றன. அவற்றின் மேல் கைனசின் என்ற புரதம் சரக்குப் பையைச் சுமந்து நடக்கிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நடை. கால் மாற்றிக் கால் வைத்து, ஓர் எட்டு வைத்தால் 8 நானோமீட்டர். ஒவ்வோர் எட்டுக்கும், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யில் ஒரு மூலக்கூறு செலவு. இப்படி அடிமேல் அடி வைத்தே வேகமான சரக்கு ஒரு நாளில் 200 முதல் 400 மில்லிமீட்டர் போய்விடும்!

நான் எம்.எஸ்சி. முடித்த 1984இல் கைனசின் என்ற பெயரே கிடையாது. அடுத்த ஆண்டுதான் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்தில் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் மூவரும் ஊசிக்கணவாயின் தடித்த நரம்பிழையை ஆராய்ந்து அதைக் கண்டுபிடித்தார்கள். முதன்முதலில் வகுப்பில் அதை நடத்திய அன்று எனக்கு இருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது என் பயமெல்லாம் திரும்பி வரும் பாதையைப் பற்றித்தான். நுனியிலிருந்து செல்லின் உடலுக்குச் சுமந்து வருவது டைனின் என்ற இன்னொரு புரதம். தேய்ந்த உறுப்புகள், வளர்ச்சிக் காரணிகள் சொல்லி அனுப்பும் சேதி, எல்லாம் அதன் முதுகில்தான். ரேபிஸ் வைரஸ் நரம்பு நுனிக்குள் நுழைந்ததும் இதே டைனின் மேல் ஏறிக்கொள்கிறது. சுமப்பது சரக்கா, எமனா என்று டைனினுக்குத் தெரியாது. முதலில் தண்டுவடம், அப்புறம் மூளை. நோய்க்குறி வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. மேல்தோல் ஆறியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையம்மா.

வைரஸ் நரம்புக்குள் ஏறுவதற்கு முன்பே மடக்க வேண்டும். முதல் நாள் காயத்தைச் சுற்றிப் போட்டார்களே, அது கடன் வாங்கிய எதிர்ப்பொருள், வைரஸை மடக்கும் புரதம். கொஞ்ச நாளில் கரைந்துவிடும். உன் உடம்பு சொந்தமாக உண்டாக்கத்தான் 0, 3, 7, 14, 28 என்று ஊசிக்கு நாள் குறித்திருக்கிறார்கள். கடி காலில் என்பதால் பாதை நீளம், நமக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை ஆபீஸ் வேலைக்குக் கொடுத்துவிடாதே.

நாளை ஏழாம் நாள். காலையில் முதல் வேலையாகப் போய்வா. ஊசி அட்டையைப் படமெடுத்து அனுப்பு. அப்பா காலண்டரில் ஐந்து தேதியையும் வட்டமிட்டு வைத்திருக்கிறார், இரண்டுதான் அடித்திருக்கிறது.

அன்புடன்,
அம்மா