படித்த இ.சி.ஜி.களை எண்ணுங்கள்

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்ககத்தின் இயக்குநருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நான் 20 ஆண்டுகளுக்கு மேலாக அரசுப் பணியில் இருக்கும் பொது மருத்துவர். முதலில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தேன். இப்போது ஒரு வட்ட மருத்துவமனையில் இருக்கிறேன். சுற்றியுள்ள சுகாதார நிலையங்களிலிருந்து இரவில் என் கைப்பேசிக்கு வந்து விழும் இ.சி.ஜி. படங்களைப் பார்த்து, "உடனே அனுப்புங்கள்" என்றோ "இன்னொன்று எடுத்துப் பாருங்கள்" என்றோ பதில் சொல்வதும் சில ஆண்டுகளாக என் வேலையோடு சேர்ந்துவிட்டது. அந்தப் பழக்கத்திலிருந்துதான் இந்தக் கோரிக்கை பிறந்தது. மருத்துவர்களுக்கு இணையவழி நடக்கும் இ.சி.ஜி. பயிற்சிகளுக்குத் தொடர்கல்விக் கிரெடிட் புள்ளி வழங்கும்போது, அவர் திரைமுன் எத்தனை மணி நேரம் இருந்தார் என்று கணக்கிடுவதை விட்டு, எத்தனை இ.சி.ஜி. தாள்களைத் தாமே படித்து முடிவு எழுதினார் என்று கணக்கிட வேண்டும்.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதற்கு என் தவறு ஒன்றையே சொல்கிறேன். 2011ஆம் ஆண்டு கோடையில் ஓர் இரவு, நான் பணியில் இருந்த சுகாதார நிலையத்துக்கு விசைத்தறித் தொழிலாளி ஒருவர் வந்தார். வயது 50ஐ நெருங்கியிருக்கும். "சாப்பிட்டதுல இருந்து வாய்வு புடிச்ச மாதிரி இருக்கு சார், நெஞ்சு கரிக்குது" என்றார். செவிலியர் இ.சி.ஜி. எடுத்துக் கொடுத்தார். தாளின் மேல் விளிம்பில், இது இயல்பான இ.சி.ஜி. என்று இயந்திரமே அச்சடித்திருந்தது. இதயத்தை வெவ்வேறு கோணங்களிலிருந்து பார்க்கும் பதிவுகளை லீட் என்போம். அவற்றில் கீழ்ச்சுவரைப் பார்க்கும் லீட் 3இலும் ஏ.வி.எஃப்.இலும், துடிப்பின் கூர்முனைக்கும் அடுத்து வரும் டி அலைக்கும் இடைப்பட்ட எஸ்.டி. பகுதி அரைக் கட்டம் உயர்ந்தது போலத் தோன்றியது. முழுதாக ஒரு மில்லிமீட்டர் இல்லையே என்று விட்டுவிட்டேன். ஏ.வி.எல். என்ற லீடைப் பார்த்தாயா என்று கேட்டால், கண் அதன் மேல் போனது, நிற்கவில்லை என்பதுதான் உண்மை. அங்கே எஸ்.டி. சற்றே தாழ்ந்து, டி அலை தலைகீழாகியிருந்தது. இதயத்தின் கீழ்ச்சுவரில் அடைப்பு தொடங்கும்போது, கீழ்ச்சுவர் லீடுகளில் உயர்வு தெளிவாகும் முன்பே, எதிர்ப்புறத்திலிருந்து பார்க்கும் ஏ.வி.எல். இப்படிக் காட்டிக்கொடுப்பது உண்டு. நான் ரானிடிடின் ஊசி போட்டு, அரை மணி நேரம் உட்காரவைத்து, வலி குறைந்துவிட்டது என்று அவர் சொன்னதும் வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டாவது இ.சி.ஜி. எடுக்கவில்லை. விடிகாலை மூன்றரை மணிக்கு அவரை ஆட்டோவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாடித்துடிப்பு 38. இந்த முறை லீட் 2, 3, ஏ.வி.எஃப். மூன்றிலும் எஸ்.டி. மூன்று கட்டங்களுக்கு மேல் எழும்பி நின்றது. முதலாண்டு மாணவர்கூடப் படித்துவிடலாம். 108இல் ஏற்றி அனுப்பினோம். அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் தறிக்குத் திரும்பவில்லை.

அந்தத் தாளில் எனக்குத் தெரியாத செய்தி எதுவும் இல்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. கீழ்ச்சுவர் மாரடைப்பில் ஏ.வி.எல். எப்படி மாறும் என்று இறுதியாண்டு வாய்மொழித் தேர்வில் கேட்டிருந்தால் தயங்காமல் சொல்லியிருப்பேன். தெரிந்திருந்தது, கண்ணில் படவில்லை. பாடம் கேட்பதால் தெரிந்துகொள்ளலாம். கண்ணில் படுவதற்கு, நூறு தாள்களில் நாமே முடிவு சொல்லி, அவற்றில் முப்பதில் தவறி, ஏன் தவறினோம் என்று அன்றே யாராவது காட்டித்தர வேண்டும்.

இதை என் ஒருவனுடைய குறை என்று ஒதுக்கவும் முடியவில்லை. மருத்துவர்கள் இ.சி.ஜி. படிப்பதன் துல்லியம் குறித்த 78 ஆய்வுகளைத் தொகுத்து, 2020இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. பயிற்சிக்கு முன் சுமார் 54 விழுக்காடு சரியாக இருந்தது. பயிற்சிக்குப் பின் சுமார் 67 விழுக்காடு. பணியில் உள்ள மருத்துவர்கள் ஏறத்தாழ 69 விழுக்காட்டிலும், இதயநோய் நிபுணர்கள் 75 விழுக்காட்டிலும் நின்றார்கள். சோதனைக்காகப் பொறுக்கியெடுத்த தாள்களும் அன்றாடம் நம் மேசைக்கு வரும் தாள்களும் ஒன்றல்ல என்பதால், இந்த எண்களை அப்படியே நம் புறநோயாளர் பிரிவுக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனாலும், பயிற்சி முடிந்த பின்பும் மூன்றில் ஒரு தாள் தவறிப்போகிறது என்றால், பயிற்சி நடத்தும் முறையைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

நான் கலந்துகொண்ட இணையவழி வகுப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்கும். நல்ல பேச்சாளர் ஒருவர் இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு, இதயத்துடிப்புக் கோளாறு, பொட்டாசியம் மிகுதல் என்று எல்லாவற்றையும் தொட்டுச் செல்வார். கடைசியில் ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். மாலைக்குள் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிடும். அப்படி ஒரு வகுப்பை அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே முடித்திருக்கிறேன். முழுப் புள்ளியும் கிடைத்தது. பேச்சாளர்கள் மீது குறையில்லை, சிலரிடம் நிறையவே கற்றிருக்கிறேன். குறை அந்த நான்கு விடைகளில் இருக்கிறது. 'வெல்லன்ஸ்' (இதயத்தின் முன்புறக் குழாய் அடைபடவிருப்பதைக் காட்டும் அலை வடிவம்) என்ற பெயர் விடைகளில் ஒன்றாகக் கண்ணில் பட்டதுமே, மார்பு லீடுகளான வி2, வி3இல் டி அலை ஏறி இறங்குகிறதா என்று தேடிப்போய்ப் பார்த்துவிடுகிறோம். இரவு இரண்டு மணிக்கு வரும் தாளில் அந்தப் பெயரை யாரும் எழுதி வைத்திருப்பதில்லை.

நான் மனத்தில் வைத்திருக்கும் பயிற்சி எளிமையானது. வாரத்துக்கு ஐந்து தாள்கள் மருத்துவரின் கைப்பேசிக்கு வர வேண்டும். ஒவ்வொன்றுடனும் நோயாளியின் வயது, வலி தொடங்கிய நேரம், அவர் சொன்ன சொல், இவ்வளவு போதும். கீழே வெற்றுக் கட்டம் ஒன்று இருக்க வேண்டும். என்ன பார்க்கிறேன், என்ன செய்யப்போகிறேன் என்று மருத்துவர் இரண்டு வரி எழுதிய பிறகே விடை திறக்க வேண்டும். விடையில் நோயின் பெயர் மட்டும் போதாது. 20 நிமிடம் கழித்து எடுத்த அடுத்த இ.சி.ஜி. எப்படி இருந்தது, ஆஞ்சியோவில் எந்தக் குழாய் அடைபட்டிருந்தது, அல்லது ஒன்றுமில்லை என்று தெரிந்து மறுநாள் வீட்டுக்குப் போனாரா என்பதும் வர வேண்டும். முடிவு தெரியாமல் படித்த தாள் மனத்தில் நிற்பதில்லை. நான் அனுப்பிவைத்த நோயாளிகளில் பாதிப் பேருக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தாள்கள் கலந்து வர வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறேன். மாரடைப்புப் பாடத்தில் பத்து மாரடைப்புத் தாள்களைக் காட்டினால், பதினொன்றாவதும் மாரடைப்பு என்று யாரும் சொல்லிவிடுவார்கள். பாதிக்குக் குறையாமல் இயல்பான தாள்கள் இருக்கட்டும். இளைஞர் ஒருவரின் மார்பு லீடுகளில் இயல்பாகவே எஸ்.டி. உயர்ந்திருப்பதைப் பார்த்துப் பதறாமல் இருக்கவும் பழக வேண்டும். அந்தப் பதற்றத்தால் நள்ளிரவில் 108இல் ஏறி 60 கிலோமீட்டர் போய்த் திரும்பிய குடும்பங்கள் உண்டு. அதே நேரத்தில் உண்மையான மாரடைப்பு ஒன்றுக்கு அந்த வண்டி தேவைப்பட்டிருக்கலாம்.

இன்னொன்று: பாடநூலின் தெளிவான படங்கள் வேண்டாம். நமக்கு வருபவை மடிப்பு விழுந்தவை, விளக்கொளி பட்டு நடுவில் வெளுத்தவை, வியர்வையில் மின்முனை நழுவி அடிக்கோடு அலைபாய்பவை, பக்கத்து மின்விசிறியின் 50 ஹெர்ட்ஸ் நடுக்கத்தில் டி அலையே தெரியாதவை. இடது, வலது கை வயர்களை மாற்றி மாட்டியதால் லீட் 1 முழுவதும் தலைகீழானவையும் உண்டு. இவற்றைப் பார்த்து "இது படிக்கத் தகுந்த தாள் அல்ல, மறுபடி எடுங்கள்" என்று சொல்வதும் சரியான விடையாக ஏற்கப்பட வேண்டும்.

பெண்களின் இ.சி.ஜி. பற்றி ஒரு சொல். வி1, வி2 மின்முனைகள் நான்காவது விலா இடைவெளியில் இருக்க வேண்டும். நம் சுகாதார நிலையங்களில் பல பெண் நோயாளிகளுக்கு, சேலையை விலக்கத் தயங்கி, அவை இரண்டு விரற்கடை மேலேயே ஒட்டப்படுகின்றன. வி4 மார்பகத்துக்குக் கீழே போகாமல் அதன் மேலேயே நின்றுவிடுகிறது. இதனால் இல்லாத பழைய மாரடைப்பு தாளில் தோன்றும். இருக்கும் புதிய மாற்றம் மங்கும். எனவே பயிற்சியில் செவிலியரும் இ.சி.ஜி. எடுக்கும் ஊழியரும் சேர வேண்டும். இந்தப் பகுதியைத் திரையில் கற்பிக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வட்டாரத்துக்கு ஆண்டில் ஒரு முறை அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் வந்து, மார்பெலும்பின் மேட்டைத் தொட்டு இரண்டாம் விலாவிலிருந்து எண்ணிக் காட்டினால் அரை நாளில் முடிந்துவிடும் வேலை.

இயந்திரம் அச்சடிக்கும் அந்த மேல்வரியைப் பற்றியும் ஏதாவது செய்ய வேண்டும். நான் இப்போது தாளின் மேல் விளிம்பைப் பின்னால் மடித்துவிட்டுத்தான் படிக்கிறேன். என்னிடம் வரும் பயிற்சி மருத்துவர்களையும் அப்படியே மடிக்கச் சொல்கிறேன். நம் முடிவைச் சொன்ன பிறகு மடிப்பைப் பிரித்து, இயந்திரம் சொல்வதை இரண்டாவது கருத்தாகக் கேட்டால் அது நல்ல உதவியாளர்தான். இணையவழித் தாள்களிலும் அதே வரிசை இருக்கட்டும்.

இதற்கெல்லாம் தமிழ்நாட்டில் அடித்தளம் போடப்பட்டிருக்கிறது என்பதால்தான் துணிந்து எழுதுகிறேன். சிறிய மருத்துவமனைகளையும் ஆஞ்சியோ வசதியுள்ள மையங்களையும் இணைத்து இங்கே நடந்த ஸ்டெமி (எஸ்.டி. உயர்வுள்ள மாரடைப்பு) திட்டத்தின் முடிவுகள் 2017இல் ஜாமா கார்டியாலஜி இதழில் வெளியாயின. 2,420 நோயாளிகளைக் கணக்கிட்ட அந்த ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விழுக்காடு 17.6இலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. 2023இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தபின், ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என, மாரடைப்பு அறிகுறியுடன் வருபவருக்கு முதலில் கொடுக்கும் 14 மாத்திரைகள் துணை சுகாதார நிலையம் வரை போய்ச் சேர்ந்திருக்கின்றன. மாத்திரையைக் கொடுத்த பிறகு, இவருக்கு ரத்த உறைவைக் கரைக்கும் ஊசி உடனே வேண்டுமா, நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட்டைக் கொடுக்கலாமா, வலப்புற இதயமும் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று வி4ஐ வலப்பக்கம் மாற்றி எடுத்துப் பார்க்க வேண்டுமா என்பதையெல்லாம் அந்த ஒரு தாள்தான் சொல்ல வேண்டும். வலப்புற இதயம் பாதிக்கப்பட்டவருக்கு நைட்ரேட் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

விதிகளைத் திருத்த வேண்டிய தேவையும் பெரிதாக இல்லை என்றே நினைக்கிறேன். ஐந்தாண்டில் 30 மணி நேரத் தொடர்கல்வி என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. 20 தாள்களை எழுதி முடித்தவருக்கு ஒரு மணி நேரத்துக்கான புள்ளி என்று கவுன்சில் ஏற்றுக்கொண்டால் போதும். மலைப்பகுதி நிலையங்களுக்கு இணையம் விட்டுவிட்டுத்தான் வரும். தாள்கள் முன்கூட்டியே இறங்கிக்கொள்ளும்படி இருக்கட்டும். நோயாளியின் பெயரும் அடையாள எண்ணும் நீக்கப்பட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இயக்குநர் அவர்களிடம் ஓர் உறுதிமொழி கேட்கிறேன். இந்தப் பயிற்சியில் யார் எத்தனை தவறினார் என்ற பட்டியல் எந்த ஆய்வுக் கூட்டத்துக்கும் போகக் கூடாது. மதிப்பெண் குறைந்தால் மெமோ வரும், அது 17-பி என்ற கடும் ஒழுங்கு நடவடிக்கை வரை போகும் என்ற பேச்சு ஒரு முறை எழுந்துவிட்டால், விடைகள் வாட்ஸ்அப் குழுக்களில் முன்னதாகவே சுற்றத் தொடங்கிவிடும். அதன் பிறகு எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்குவார்கள். இரவு இரண்டு மணித் தாள் மட்டும் தவறிக்கொண்டே இருக்கும். தவறுவதற்கென்றே அமைந்த இடம் அது என்று ஆணையிலேயே எழுதிவிடுங்கள்.

தாள்களுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். என்னிடமே பெயர்ப்பகுதி வெட்டப்பட்ட 300க்கும் மேற்பட்ட இ.சி.ஜி.கள் இரண்டு பெட்டிக் கோப்புகளில் இருக்கின்றன. இப்படிச் சேர்த்து வைத்திருக்கும் மருத்துவர்கள் மாவட்டத்துக்கு ஒருவராவது இருப்பார்கள். வெப்பத்தாளில் அச்சானவை சில ஆண்டுகளில் வெளுத்துவிடும் என்பதால் முக்கியமானவற்றை ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன். மற்றவற்றில் கோடுகள் ஏற்கெனவே மங்கத் தொடங்கிவிட்டன. அந்தத் தறித் தொழிலாளியின் இரண்டு தாள்களில் மூன்றரை மணித் தாளுக்கு மட்டும் நகல் இருக்கிறது. முதல் தாளில் ஏ.வி.எல்.லை இப்போது சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் பார்க்க முடிகிறது. யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னால் அடுத்த வாரமே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
அரசு வட்ட மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவர்