ஃப்ளோட்டை ஆட்டிப் பார்க்கச் சொன்னவருக்கு நன்றி

பழைய காரின் இரண்டு கார்புரேட்டர்களில் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) ஒன்றிலிருந்து இரண்டு மாதமாகப் பெட்ரோல் ஒழுகிக்கொண்டே இருந்தது. கேஸ்கெட் மாற்றினேன், பெட்ரோல் உள்ளே வரும் வழியை அடைக்கும் நீடில் வால்வும் புதிது போட்டேன், நிற்கவில்லை. வழியில் போன நீங்கள் எட்டிப் பார்த்து, "ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்க" என்றீர்கள். பெட்ரோலோடு மேலே எழுந்து அந்த வால்வை மூடும் பித்தளை மிதவைதான் ஃப்ளோட்; உள்ளே வெறும் காற்றுதான் இருக்க வேண்டும். ஆட்டினேன். உள்ளே சளக் சளக்கென்று பெட்ரோல்! சுடுதண்ணீரில் (அடுப்புக்குப் பக்கத்தில் அல்ல) அமுக்கியதும் பித்தளை மூட்டிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. ஃப்ளோட் கனத்துப்போய் மேலே எழாவிட்டால் வால்வு எப்படி மூடும்? பாவம், அதைப் போய்க் குறை சொல்லியிருக்கிறேன். ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தால் எடை கூடிப் பெட்ரோல் மட்டம் மாறிவிடும், புதிதே போடுங்கள் என்றதும் நீங்கள்தான். போட்டாயிற்று. அடியில் விரித்த செய்தித்தாள் ஒரு வாரமாகக் காய்ந்தே கிடக்கிறது. உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டேன். ரொம்ப நன்றி அண்ணா.