தரங்கம்பாடி ரயிலை மட்டும் ஏன் மறந்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டெல்டா கடலோரத்தில் புது ரயில் பாதையும் வந்துவிட்டது, மூடிப்போன பாதைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. நாகூர் - காரைக்கால் புதுப் பாதை 2011-ல் வந்தது, திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி 2023 ஏப்ரலில் வந்தது, பேரளம் - காரைக்கால் பாதையிலும் மறுபடி தண்டவாளம் போட்டாகிவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் மயிலாடுதுறை - தரங்கம்பாடி? 1926-ல் ஓடத் தொடங்கி 1987-ல் நிறுத்தப்பட்ட பாதை, மொத்தமே சுமார் 30 கிலோமீட்டர்தான், அதற்கு மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதியோடு சரி.

கூட்டம் வராது என்று சொல்பவர்கள் ஒரு முகூர்த்த நாளில் திருக்கடையூர் பக்கம் வந்து பார்க்கட்டும். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்துகொள்ள சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வருகிற குடும்பங்கள் விடியற்காலையில் மயிலாடுதுறை ஜங்ஷனில் இறங்கி, பேரன் பேத்திகள், சீர்த்தட்டு, மூட்டை முடிச்சு எல்லாவற்றோடும் வேன்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்கிறார்கள், வேன் படியில் கால் தூக்கி வைக்க முடியாமல் எண்பது வயது அம்மா இரண்டு பேர் தோளைப் பிடித்து ஏறுகிறார். கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு காலத்தில் ஸ்டேஷன் இருந்த ஊர் இது!

வெளியூர்க்காரர்களை விடுங்கள். மன்னம்பந்தலில் கல்லூரி இருக்கிறது, 2020-ல் மாவட்டம் பிரிந்த பிறகு கலெக்டர் ஆபீஸும் அங்கேயே வந்துவிட்டது. அந்த ஊரும் பழைய பாதையில் ஒரு ஸ்டேஷன்தான். ஆனால் பொறையாரிலிருந்து திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு கொடுக்கப் போகிற பெரியவரும், படிக்கப் போகிற பிள்ளைகளும் ஆக்கூர், செம்பனார்கோயில் வழியாக பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறார்கள், பையன்கள் படியில் தொங்குவதைப் பார்த்தால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. காரைக்கால் துறைமுகத்து நிலக்கரி போக ரயில் இருக்கிறது, பக்கத்து ஊர் மனுஷர்கள் போக இல்லை என்பது என்ன நியாயம்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாதை போட்டுவிட்டால் மட்டும் ரயில் வந்ததாகாது. திருவாரூர் - காரைக்குடி அகலப்பாதையில் 2019-ல் வண்டி விட்டபோது கேட் கீப்பர்கள் போதாமல், ரயிலிலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கேட்டிலும் நிறுத்தி, ஒருவர் இறங்கி கேட்டைச் சாத்த, வண்டி கடந்ததும் இன்னொருவர் திறந்துவிட்டு ஓடிவந்து ஏற, 149 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அப்படி ஓடினால் யார் ஏறுவார்கள்? கடைசியில் ஜனங்களுக்கு ரயிலே வேண்டாம் போல என்று பழியும் நம் மேல்தான் விழும்.

பழைய பாதையின் மேடு பல இடத்தில் கருவை மண்டி இன்னும் கிடக்கிறது, ஆக்கிரமிப்பு கூடக் கூட செலவும் கூடும். அதனால் இப்போதே அளந்து எடுக்க வேண்டும். தரங்கம்பாடியோடு நிறுத்தாமல் காரைக்கால் வரை நீட்டினால் தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்க்க வருபவர்களுக்கும் வசதி, நாகூர், வேளாங்கண்ணி போகிறவர்களுக்கும் வசதி. நம் எம்.பி. அடுத்த முறை ரயில்வே அமைச்சரைப் பார்க்கும்போது கோயில், கோட்டையோடு சேர்த்து, கல்லூரி மணி அடிப்பதற்குள் மன்னம்பந்தல் போய்ச் சேருகிற ஒரு காலை வண்டியையும் மனுவில் எழுதிக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பொறையார்