சித்தப்பாவுக்கு, அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டக்கூடாத ஒரு லெட்டர்

சித்தப்பா,

நல்லா இருக்கீங்களா, மூட்டுவலி எப்படி இருக்கு, சித்தி எண்ணெய் தேச்சு விடுதாங்களா. தலைப்புலயே சொல்லிட்டேன், அம்மா பக்கத்துல இருந்தா இத மூடி வெச்சிட்டு அப்புறமா படிங்க.

போன வாரம் இங்க சிங்கப்பூர்ல எங்களுக்கு ஒரு சில்லர், அதான் தண்ணிய குளிர வைக்கிற மிஷின், ரிப்பேர் வேலை வந்துச்சு, வழக்கம்போல ஏதோ ஆபீஸா இருக்கும்னு டூல் பேக்க தூக்கிட்டுப் போனா லிஃப்ட் தொறந்ததும் மாட்டுக்கு ஊற வெச்ச தவிடு வாசம் அடிக்கு, பாத்தா பீர் காய்ச்சுற எடம். பெரிய ஃபேக்டரி எல்லாம் இல்ல, நம்ம வீட்டு முத்தம் மாதிரி ரெண்டு மடங்கு இருக்கும், ஆறு ஸ்டீல் டேங்கு, முன்னால நாலு மேஜை போட்டு அங்கேயே ஊத்திக் குடுக்காங்க. டேப்ரூம்னு பேரு.

நடத்துறது ஒரு சீனப் பையன், என் வயசு தான் இருக்கும். டேங்க சுத்தி கிளைகால்னு உறையாம இருக்க ஒண்ணு கலந்த குளிர்ந்த தண்ணி ஓடணும், 18ல இருந்து 20 டிகிரிக்குள்ள நிக்கணும், சில்லர் நின்னு போனதால 26க்கு ஏறிருச்சு, அவன் டேங்கு பக்கத்துலயே ஸ்டூல் போட்டு ஐசியூ வாசல்ல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கான். சூடு ஏறுனா புளிக்க வைக்கிற ஈஸ்ட் வெறி புடிச்ச மாதிரி வேலை செஞ்சு ருசி கெட்டுருமாம். பார்லிய ஊற வெச்சு முளை கட்டி காய வெச்சது தான் மால்ட், அது இந்த ஊருல வெளையாது, எல்லாம் கப்பல்ல வருது. அத சுடுதண்ணில போட்டா மாவு சக்கரையாகுது, அப்புறம் ஹாப்ஸ்னு கசப்புக்கு ஒரு பூவ போட்டு ஒரு மணி நேரம் கொதி, ஆற வெச்சு ஈஸ்ட், அப்புறம் ஒரு வாரம் ரெண்டு வாரம் காவல்.

நான் ஃபேன் மோட்டார மாத்திக்கிட்டே சும்மா இருக்காம சொன்னேன், எங்க தாத்தா உடன்குடி பக்கம் பனையேறி, அவருக்கு டேங்கும் இல்ல ஈஸ்டும் வாங்குனதில்ல, பாளைய சீவி கலயத்த கட்டிட்டு எறங்குவாரு, கலயத்துல சுண்ணாம்பு தடவுனா பதநீ, தடவாட்டி நம்ம வெயிலுக்கு கொஞ்ச நேரத்துலயே நுரை கட்டி கள்ளுன்னு. அவன் நம்பல. ஈஸ்ட் எங்க இருந்து வருதுன்னு கேட்டான். காத்துல இருக்கு, பழைய கலயத்துல ஒட்டியிருக்குன்னேன். உடனே போன எடுத்து குறிச்சுக்கிட்டான் சித்தப்பா! தாத்தா சொன்னத ஒருத்தன் குறிப்பெடுக்கத நான் இப்ப தான் பாக்கேன்.

சனிக்கிழமை வாங்கன்னு கூப்ட்டான், நானும் சூப்பர்வைசர் அண்ணனும் போனோம். ஒரு பலகைல நாலு சின்ன கிளாஸ். ஒண்ணுல ஆரஞ்சு தோலும் கொத்தமல்லி வெதையும் போட்டிருக்கு, சித்தி ரசத்துக்கு இடிக்கிற அதே மல்லி. இன்னொண்ணு வேப்பங்கொழுந்து கசப்பு, அண்ணன் அத தான் ரசிச்சுக் குடிச்சாரு. மூணாவது அசல் புளிச்ச நீத்தண்ணி, அத காசு குடுத்து வாங்குறானுவ. மொத ரவுண்டு அவன் கணக்கு, மானத்துக்காக ரெண்டாவது நான் ஒரு கிளாஸ் சொன்னேன், 18 வெள்ளி, அதுக்கு மேல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அந்த மொத்தத்துக்கு 9 சதவீதம் ஜிஎஸ்டி, 21 வெள்ளி 58 காசு. நம்ம ரூபாய்ல மாத்தி சொல்ல மாட்டேன், உங்களுக்கு பிரஷர் இருக்கு.

இந்த ஊருக்காரங்களுக்கு இதுல பெரும வேற. 2022ல இங்க தண்ணி வாரியமும் ப்ரூவர்க்ஸ் கம்பெனியும் சேந்து, கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ணி எடுக்கிற நியூவாட்டர்ல நியூப்ரூன்னு ஒரு பீரே போட்டு கடைல வித்தாங்க. பிராஸ் லயன்னு 2018ல தொறந்த டிஸ்டில்லரி, அதான் சாராயம் வடிக்கிற எடம், ஒண்ணு இருக்கு, அவங்க ஜின்னுங்கிற சரக்குல நம்ம வேலில படருற சங்குப்பூவ போடுதாங்க, நீலமா இருக்கும், டானிக் வாட்டர்னு ஒரு கசப்பு சோடாவ ஊத்துனா ஊதாவா மாறும். அம்மா சாமிக்கு பறிக்கிற பூ சித்தப்பா, என்னத்த சொல்ல.

அதுக்காக இஷ்டத்துக்கு குடிக்கலாம்னு நெனைக்காதீங்க. ராத்திரி பத்தரைக்கு மேல கடையில பாட்டில் விக்கக்கூடாது, ரோட்டுல குடிக்கவும் கூடாது, 2015ல வந்த சட்டம். நம்ம ஆளுங்க கூடுற தேக்கால, அதான் லிட்டில் இந்தியால, இன்னும் கெடுபிடி, சனிக்கிழமை காலைல இருந்து திங்கக்கிழமை காலை வரைக்கும் வெளிய நின்னு குடிக்கவே கூடாது. 2013ல அங்க கலவரம் நடந்துச்சுல்லா, அதுக்கு அப்புறம் தான் இது.

அங்க உக்காந்திருக்கப்போ எனக்கு தாத்தா ஞாபகம் தான். 87ல இருந்து நம்ம ஊருல கள்ளுக்கு தடை, ஜீப்பு சத்தம் கேட்டா கலயத்த முள்ளுக்குள்ள தள்ளிட்டு வருவாருன்னு நீங்க தானே சொல்லுவீங்க. இவன் கண்ணாடி சுவரு போட்டு டேங்குக்கு லைட் அடிச்சு வெச்சிருக்கான், ஆளுங்க வந்து செல்ஃபி எடுக்காங்க. எனக்கு அவன் மேல கோவம் இல்ல, நல்ல பையன், ஆனா ரெண்டாவது கிளாஸ் எறங்கல.

பணம் அஞ்சாம் தேதி போட்டுருதேன். இன்னொரு விஷயம், தாத்தாவோட பாளை அருவாவும் அருவாப்பெட்டியும் பரண்ல தானே கெடக்கு? எறக்கி தொடச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, அந்தப் பையன் ரெண்டு தடவ மெசேஜ் போட்டு கேட்டுட்டான்.